வாய்ப்பு வரும் வரை சும்மா இருக்காமல், நீங்களே நடித்து நீங்களே படம் எடுக்க

சென்னை சாலிகிராமத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் கால் மணி நேரம் நின்றால் போதும், நடிக்க வாய்ப்புக் கேட்டு சினிமா கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் ஒருவரையாவது பார்த்துவிடலாம். முன்பு கையில் போட்டோ ஆல்பம் இருக்கும், இப்போது போனில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நானும் நான்கு வருடம் அப்படி அலைந்தவன். "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அத்துப்படி. அது தப்பான வழி என்று சொல்ல மாட்டேன், அப்படி வந்து ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நான்கு வருடத்தில் நான் கேமரா முன்னால் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. சரி, நாமே எழுதி நாமே நடித்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று குறும்படங்கள் முடித்தேன், ஒன்று பாதியில் நின்றது. கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த நின்றுபோன படம் சொல்லிக்கொடுத்தது.

முதல் விஷயம், வேலையை விடாதீர்கள். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என்ற கதையைச் சொல்லாத ஆளே இங்கே கிடையாது, ஆனால் அதில் கவனிக்க வேண்டியதை விட்டுவிடுகிறோம்: சம்பளத்துக்கு ஒரு வேலை இருந்தது, நடிப்பு கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது, குறும்படம் என்று கூப்பிட்டால் போய் நடித்தார். ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் முதல் படத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வாரநாளில் வேறு வேலை பார்த்தவர்கள்தான். சனிக்கிழமைகளில் மட்டும் எடுத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. பிலிம் விலைக்குப் பயந்து, நாடகம் போல ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்கில் முடித்திருக்கிறார்கள். போனில் எடுக்கும் நமக்கு டேக் இலவசம் என்பதால் ஒத்திகையை விட்டுவிடுகிறோம், அப்புறம் எடிட்டில் உட்கார்ந்து இருபத்தாறு டேக்கையும் பார்த்துத் தலையில் கை வைக்கிறோம்.

இப்படி வேலையை விடாமல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் ஷூட்டிங்கில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அது முடி. என் படம் நின்றதற்குக் காரணம் பணம் இல்லை. என் நண்பனாக நடித்தவர், ஐந்தாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் நடுவே திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு லட்டோடு ஸ்பாட்டுக்கு வந்து நின்றார். வேண்டுதல், என்ன சொல்ல முடியும்? அடுத்த முறை முதல் நாளே எல்லோரிடமும் கேட்டுவிட்டேன்: வீட்டில் கல்யாணம் உண்டா, மாலை போடுவீர்களா, முடி காணிக்கை ஏதாவது பாக்கி இருக்கிறதா. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

கதை எழுதும்போது "என்ன வேண்டும்" என்று ஆரம்பிக்காமல் "என்ன இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: மாமாவின் மூடிக்கிடக்கும் அச்சகம், பக்கத்து வீட்டு மொட்டை மாடி, நண்பனின் ஆம்னி வேன், நன்றாகப் பேசக்கூடிய ஒரு பெரியம்மா. இவற்றுக்குள் ஒரு கதை இருக்கும். இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அப்பா, ஒரு பையன், வெயில், நடை. 75 நிமிடம்தான் ஓடும். 2021-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அது அவருக்குத் தெரிந்த மண். தன் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து அந்தக் கதை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் ஒரு சென்னை அபார்ட்மென்ட் கதையை எழுதியிருந்தால் அது ரோட்டர்டாம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, ஆள் எண்ணிக்கையைக் குரலால் குறைக்கலாம். பார்த்திபன் ஒத்த செருப்பு சைஸ் 7-ல் (2019) முழுப் படத்துக்கும் திரையில் ஒரே ஆளாக நின்றார், மற்ற எல்லோரும் வெறும் குரல்தான். அதை அப்படியே செய்யப் பார்க்காதீர்கள், அவருக்கு முப்பது வருட அனுபவம் இருந்தது. ஆனால் அந்தத் தந்திரத்தைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். வீட்டு ஓனர் கதவுக்கு வெளியே இருந்து கத்தட்டும், மேனேஜர் போனிலேயே திட்டட்டும், அம்மா அடுக்களையிலிருந்து பேசட்டும். முகம் காட்டாத ஒவ்வொரு பாத்திரமும் ஒரு நாள் சாப்பாட்டை மிச்சம் பிடிக்கும். சாப்பாடு என்று சும்மா சொல்லவில்லை. என் இரண்டாவது குறும்படத்துக்கு மொத்தம் 62,000 ரூபாய் ஆனது, அதில் சாப்பாடும் பெட்ரோலும் மட்டும் 19,000. சம்பளம் வாங்காமல் வருகிறவர்களுக்கு நல்ல சாப்பாடாவது போட வேண்டும், அதில் கை வைக்காதீர்கள்.

கேமரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ் வைத்து எடுத்த படம் 2015-லேயே சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது, இன்று உங்கள் கையில் இருக்கும் போன் அதைவிட நன்றாகவே எடுக்கும். மூன்றே விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். போனோடு வரும் கேமராவை விட்டுவிட்டு, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப் ஒன்றில் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வெள்ளைச் சமநிலையையும் (நிறச் சாயல்) ஷாட் நடுவே மாறாதபடி பூட்டுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்போதுதான் டியூப்லைட் துடிப்பது படத்தில் தெரியாது. ஃபிரேம் வேகம் நிலையாக இருக்கிறதா என்று ஒரு சோதனை ஷாட் எடுத்துப் பாருங்கள், பல போன்கள் அவற்றின் இஷ்டத்துக்கு வேகத்தை மாற்றும், அப்படி மாறினால் தனியாகப் பதிந்த ஒலி மெல்ல மெல்ல உதட்டிலிருந்து விலகிப்போகும். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம்.

கேமராவில் மிச்சம் பிடித்த பணம் முழுவதையும் ஒலியில் போடுங்கள். மங்கலான ஷாட்டைக்கூட ஸ்டைல் என்று நினைத்துப் பார்வையாளர் விட்டுவிடுவார், வசனம் கேட்கவில்லை என்றால் இரண்டாவது நிமிடமே எழுந்து போய்விடுவார். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் சினிமாவில் ஊறிப்போன பழக்கம். பெரிய படத்துக்கு அது சரி, ஸ்டுடியோவும் இன்ஜினியரும் இருக்கிறார்கள். உங்கள் படத்தில் பாதிப் பேர் புதியவர்கள். ஸ்பாட்டில் இயல்பாகப் பேசிய பெரியம்மா, டப்பிங் மைக் முன்னால் நின்றால் செய்தி வாசிப்பார். அதனால் லைவ் சவுண்ட், அதாவது ஸ்பாட்டிலேயே குரலைப் பதிவது. ஆளுக்கொரு காலர் மைக், தனி ரெக்கார்டர், படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த ஷாட் ஆரம்பத்தில் ஒரு கிளாப். ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜை அணையுங்கள். அணைத்த ஃபிரிட்ஜுக்குள் உங்கள் வண்டிச் சாவியை வைத்துவிட்டால், கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அரை நிமிடம் அந்த அறையின் ஒலியை மட்டும் பதியுங்கள், வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அதுதான் கைகொடுக்கும். அப்புறம், ஆடி மாதத்தில் ஷெட்யூல் போடாதீர்கள். மூன்று தெருவுக்கு ஒரு அம்மன் கோயில், காலை ஐந்து மணிக்கே ஸ்பீக்கர். ஒரு பிரிவுக் காட்சி முழுவதிலும் பின்னணியில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிக்கொண்டிருந்தார், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த காட்சி அதுதான்.

இனி உண்மையிலேயே கஷ்டமான இடம், தன்னைத்தானே இயக்குவது. என் முதல் படத்தின் எடிட்டில் ஒரு வேடிக்கை தெரிந்தது: எதிரே நிற்பவர் வசனம் பேசும்போது என் உதடும் சேர்ந்து அசைகிறது. எழுதியவன் நான்தானே, அவர் ஒரு வார்த்தை மாற்றிவிடுவாரோ என்று உள்ளே ஒருவன் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறான். முகத்தில் காதல் இருக்க வேண்டிய இடத்தில் வினாத்தாள் திருத்தும் வாத்தியார் இருக்கிறார். இதற்கு மருந்து, ஷாட் ஓடும்போது இயக்குநர் வேலையை வேறொருவரிடம் முழுசாகக் கொடுத்துவிடுவதுதான். "ஆக்‌ஷன்", "கட்" அவர்தான் சொல்ல வேண்டும். "சூப்பர்டா" என்று மட்டுமே சொல்லும் நண்பன் இதற்கு ஆக மாட்டான். அவரிடம் நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், "நம்பினீர்களா" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு டேக்கையும் ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். கோணம் மாறும்போது ஒரு முறை பார்த்தால் போதும், இல்லாவிட்டால் நடிப்பை விட்டுவிட்டு மூக்கைத் திருத்த ஆரம்பித்துவிடுவீர்கள்.

மரியாதைக்காக உங்கள் குளோஸப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நான் தள்ளினேன். மற்றவர்களுக்கு எல்லாம் காலை வெளிச்சம், எனக்கு மாலை ஐந்தே முக்கால், பசி, மூட்டை கட்டும் அவசரம். படத்திலேயே மோசமாக நடித்தவன் கதாநாயகன் என்று ஆனது. முக்கியமான காட்சி என்றால் உங்கள் பக்கத்தைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். எடிட்டில் முதல் வெட்டை வேறு ஒருவர் செய்யட்டும். நீங்கள் செய்தால் காட்சிக்குப் பொருந்தும் ஷாட்டை விட்டுவிட்டு, நீங்கள் அழகாகத் தெரியும் ஷாட்டைத்தான் வைப்பீர்கள்.

காகித வேலை போரடிக்கும், ஆனால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். நடித்த ஒவ்வொருவரிடமும், இடம் கொடுத்தவரிடமும், இசை போட்டவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், நெருங்கிய நண்பனாக இருந்தாலும். படம் விற்கிற நிலைமை வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். டீக்கடை ரேடியோவில் பழைய பாட்டு ஓடுகிற காட்சியை எழுதாதீர்கள், அந்தப் பாட்டின் உரிமை உங்கள் மொத்த பட்ஜெட்டைத் தாண்டலாம். யூடியூபில் போட தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை, தியேட்டரில் காட்டத் தேவை. அப்போது நாயோ ஆடோ நடித்திருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் சான்றும் கேட்பார்கள். அழகாக இருக்கிறதே என்று குறுக்கே ஒரு நாய்க்குட்டியை ஓடவிடும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் உடனே யூடியூபில் ஏற்றக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். இணையத்தில் ஏற்கெனவே வெளிவந்த படத்தைப் பல திரைப்பட விழாக்கள் ஏற்பதில்லை, அதனால் முதலில் விழா, கடைசியில் இணையம். கட்டணத்தை டாலரில் கட்டி எல்லா விழாவுக்கும் அனுப்பினால் படச் செலவைவிட அது அதிகமாகிவிடும். பெயர் கேள்விப்படாத, மாதா மாதம் விருது கொடுக்கும் "சர்வதேச" விழாக்களை அப்படியே தாண்டிப் போய்விடுங்கள். அங்கே விருதை விற்கிறார்கள். குறும்படம் என்றால் கேரளத்தில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழாவான ஐடிஎஸ்எஃப்எஃப்கே போன்றவற்றைப் பாருங்கள். முழுநீளப் படம் பாதி முடிந்த நிலையில் இருந்தால் நவம்பரில் கோவாவில் மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி நடத்தும் ஃபிலிம் பஜாரைப் (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர்) பாருங்கள், முடியாத படத்தை வாங்குபவர்களிடமும் விழாக்காரர்களிடமும் காட்டுவதற்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு.

நடிகராக வாய்ப்புத் தேடுவதையும் இதோடு சேர்த்தே செய்யுங்கள். உங்கள் படத்திலிருந்து ஒரு நிமிடக் காட்சியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் டைட்டில், டிரோன் ஷாட், ஸ்லோமோஷன் எதுவும் வேண்டாம், மூன்றாவது நொடியில் உங்கள் முகமும் குரலும் வந்துவிட வேண்டும். அதை அனுப்பிய பிறகு "ஆடிஷன் ஃபீஸ்", "போர்ட்ஃபோலியோ கட்டணம்", "ரெஜிஸ்ட்ரேஷன்" என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் காட்சியை எந்த வரிசையில் எடுப்பது என்று சீன் ஆர்டரைப் போட உட்காருங்கள்.