மாஸ்டர்ஸ் கோல்ஃபா? ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைங்க

ஏப்ரல் வந்தால் கிருஷ்ணகிரி முழுக்க மாங்காய்ப் பேச்சு. எனக்கு மட்டும் அகஸ்டா, அதாவது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மாஸ்டர்ஸ் போட்டி நாலு நாள் நடக்கும் கோல்ஃப் மைதானம். நாலு ராத்திரியும் கண் விழிக்க வேண்டாம். ஜார்ஜியா நேரத்தோடு ஒன்பதரை மணி கூட்டினால் நம்ம நேரம். வியாழன், வெள்ளி ஆட்டத்துக்குக் காலையில் ஸ்கோர் பார்த்தாலே போதும்.

கடைசி நாளான ஞாயிறு சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்துடுங்க, ராத்திரி 2 மணிக்கு எழுந்தால் சரியா இருக்கும். முன்னணி ஆட்டக்காரர்கள் 11, 12, 13-வது ஹோலுக்கு (பந்தைப் போட வேண்டிய குழி) வருவது ஏறக்குறைய அதற்குப் பிறகுதான். அந்த 12-வது ஹோல் வெறும் 155 கஜம். ஆனால் முன்னால் ஓடை, மேலே பிடிபடாத காற்று. 2016-ல் முன்னிலையில் இருந்த ஜோர்டான் ஸ்பீத் அங்கேதான் ரெண்டு பந்தைத் தண்ணீரில் விட்டு, 3 அடிக்க வேண்டிய இடத்தில் 7 அடித்தார்!

முடிய விடியற்காலை நாலரை ஆகும், சமநிலையாகி, வெற்றியாளரை முடிவு செய்யும் பிளேஆஃப் வந்தால் இன்னும் இழுக்கும். திங்கள் ஓசூரில் முதல் ஷிப்ட் என்றால் இப்பவே மாத்திக்கோங்க.