ரயில்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறீங்களா, 45 பைசா இன்சூரன்ஸ விட்றாதீங்க

ஐஆர்சிடிசில டிக்கெட் போடறப்ப டிராவல் இன்சூரன்ஸ் வேணுமான்னு கேக்குமுங்க, ஆமான்னு குடுத்துருங்க, ஆளுக்கு 45 பைசாதான், அப்பறம் போனுக்கு ஒரு லிங்க் வரும், அதத் தொறந்து நாமினி பேர அப்பவே போட்ரோணும். நெறையப் பேரு இந்த லிங்க்க கண்டுக்கறதே இல்லீங்க, நாளைக்கு ஒண்ணுன்னா வீட்டுல இருக்கறவங்க வாரிசு சர்டிபிகேட்டுக்கு தாலுக்கா ஆபீசுக்கு நடக்கோணும், பாவம்.

கோயமுத்தூர்ல சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைல மாமன் வீட்டுல தங்கறவங்களுக்கு ரூம் புக்கிங் எதுவும் இருக்காதுல்ல, இந்த இன்சூரன்ஸ் டிக்கெட்டோடயே வர்றதால எங்க தங்கறீங்கங்கற பேச்சே இல்ல. ரயில் விபத்துல உசுரு போனாலோ முழு நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரைக்கும்.

கவுண்டர்ல எடுத்த டிக்கெட்டுக்கு இது கெடையாதுங்க, கடைசி வரைக்கும் வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னா அதுக்கும் கெடையாது. வழியில காச்சல், பெட்டி தொலஞ்சுதுன்னா வராது, ஸ்டேஷன்ல எறங்கி ஆட்டோல போறப்ப ஆகறதும் இதுல சேராதுங்க.