‘ரொம்ப நாளா’ என்பதை இங்கிலீஷில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஒவ்வொரு புது பேட்ச்சும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. ஊர், பேர், படிப்பு எல்லாம் தடையில்லாமல் வரும். ‘எத்தனை வருஷமா வேலை பார்க்கறீங்க?’ என்று இங்கிலீஷில் கேட்டதும் வாக்கியம் தடுமாறும். சொல்லித்தருகிறவர்களும் ஒரு காலத்தில் இதே இடத்தில் தடுமாறியவர்கள்தான். உச்சரிப்பு, ஸ்பெல்லிங் பிழைகளை இங்கே தொடவில்லை. பேசப் பேச அவை சரியாகும். கேட்பவர் மனதில் விஷயத்தையே மாற்றிவிடுகிற பிழைகளை மட்டும் பார்ப்போம்.

‘பத்து வருஷமா இங்க இருக்கேன்’ என்கிறோம். ‘இருக்கேன்’ நிகழ்காலம். நீண்ட காலம் என்பதை ‘வருஷமா’வில் உள்ள ‘ஆ’ சுமக்கிறது. வினைச்சொல் மாற வேண்டியதில்லை. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இப்படியே நிகழ்காலத்தில் சொல்லலாம். அதனால் அந்த மொழிக்காரர்களும் இங்கிலீஷ் படிக்கும்போது நம்மைப் போலவே ‘ஐ ஆம் லிவிங் ஹியர்’ என்று தொடங்கிவிடுகிறார்கள். இங்கிலீஷுக்கு அது போதாது. அன்றைக்குத் தொடங்கியது இன்றைக்கும் நடக்கிறது என்பதை வினைச்சொல்லே சொல்ல வேண்டும். அதற்குத்தான் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’.

சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்

‘ஃபார்’ அளவைச் சொல்லும், ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைச் சொல்லும். ஃபார் ஃபைவ் இயர்ஸ், ஃபார் எ வீக். சின்ஸ் மண்டே, சின்ஸ் 2019. இது குழம்புவதற்குக் காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘ரெண்டு நாளா காய்ச்சல்’ என்றும் சொல்வோம், ‘ரெண்டு நாள்லேருந்து காய்ச்சல்’ என்றும் சொல்வோம். இரண்டாவதை அப்படியே கொண்டுபோனால் ‘சின்ஸ் டூ டேஸ்’ வந்து நிற்கும். காலண்டரில் விரல் வைத்துக் காட்ட முடிகிற நாள், மாதம், வருஷம் என்றால் ‘சின்ஸ்’. எண்ணிக் கூட்டிச் சொல்வது என்றால் ‘ஃபார்’. ‘சின்ஸ் லாங்’ கிடையாது, ‘ஃபார் எ லாங் டைம்’தான். ‘ஃப்ரம் த பாஸ்ட் டூ இயர்ஸ்’ என்பதும் தவறு. அங்கே ‘ஃபார்’ வர வேண்டும்.

நடப்பதை முடிந்ததாகச் சொல்லிவிடுவது

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் காதுக்கு உறுத்தும், ஆனால் அர்த்தம் புரிந்துவிடும். அதைத் திருத்தப்போய் பலர் சொல்கிற ‘ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’தான் ஆபத்து. இலக்கணத்தில் ஒரு குறையும் கிடையாது, எந்த ஸ்பெல்-செக்கும் அதில் கோடு போடாது. பொருள் மட்டும் வேறு: இங்கே அஞ்சு வருஷம் வேலை பார்த்தேன், இப்போது இல்லை.

இன்டர்வியூவில் இது எப்படிப் போகும் என்று பாருங்கள். இன்னமும் வேலையில் இருக்கிறவர் ‘ஐ வொர்க்ட் இன் எ பேங்க் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்கிறார். எதிரில் இருப்பவர் உடனே ‘வொய் டிட் யூ லீவ்?’ என்கிறார். விடாத வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். அந்தத் திகைப்பு, எதையோ மறைக்கிற மாதிரி எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

டாக்டரிடம் இன்னும் மோசம். ‘ஐ ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்றால் காய்ச்சல் விட்டுவிட்டது என்றுதான் எழுதிக்கொள்வார். உடம்பு இன்னும் சுடுகிறது என்றால் ‘ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்று சொல்ல வேண்டும். ‘வி வேர் மேரீட் ஃபார் ட்வென்டி இயர்ஸ்’ என்று மனைவி பக்கத்தில் நிற்கும்போது சொன்னால், விவாகரத்து ஆனவர்கள் போலிருக்கிறது என்று கேட்பவர் நினைப்பார். ‘வி ஹேவ் பீன் மேரீட்’ என்பதே சரி.

ஏன் திரும்பத் திரும்ப இது நடக்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, ‘ஃபார், சின்ஸ் வந்தால் ஹேவ் வரும்’ என்ற மனப்பாட விதி. அது பாதிதான் உண்மை. ‘ஃபார்’ எந்தக் காலத்தோடும் சேரும்; அதைப் போட்டதாலேயே ‘தொடர்கிறது’ என்று ஆகிவிடாது. தொடர்கிறதா, முடிந்ததா என்று சொல்வது ‘ஹேவ்’ மட்டும்தான். இந்த அரைகுறை விதியை இன்னமும் கரும்பலகையில் எழுதிப்போடுவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. இன்னொன்று காது. இங்கிலீஷ்காரர் ‘ஐவ் பீன்’ என்று சொல்லும்போது அந்த ‘வ்’ அடுத்து வரும் ‘ப’வில் கரைந்துவிடும். ‘ஐவ் ஹேட்’ நமக்கு ‘ஐ ஹேட்’ என்றே கேட்கும். கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறோம். முதல் இரண்டு மாதம் சுருக்காமல் ‘ஐ ஹேவ்’ என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள். கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

வாய் திறப்பதற்கு முன் இந்த வரிசையில் யோசியுங்கள். இப்போதும் தொடர்கிறதா? தொடர்ந்தால் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’. செய்கிற வேலையா? ‘பீன்’ போட்டு ‘இங்’ சேர்க்கலாம்: ஐ ஹேவ் பீன் டீச்சிங். கடைசியில் அளவா, புள்ளியா என்று பார்த்து ‘ஃபார்’ அல்லது ‘சின்ஸ்’.

நோ, ஹேவ், பிலீவ்

தெரியும் (நோ), இருக்கு (ஹேவ்), நம்பறேன் (பிலீவ்) மாதிரி நிலையைச் சொல்லும் வினைகளுக்கு ‘இங்’ வேண்டாம். ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’, அவ்வளவுதான்.

ஜாயின், பை, டை

சேர்வது, வாங்குவது, இறப்பது மாதிரி ஒரு நொடியில் முடிகிற காரியத்தை வருஷக்கணக்கில் இழுக்க முடியாது. ‘ஐ ஹேவ் ஜாயின்ட் திஸ் கம்பெனி சின்ஸ் 2019’ தவறு. சேர்ந்தது ஒரு நாள், இருப்பதுதான் ஆறேழு வருஷம். ‘ஐ ஜாயின்ட் இன் 2019’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் வித் திஸ் கம்பெனி சின்ஸ் 2019’ என்று சொல்லுங்கள். இறந்து மூன்று வருஷம் ஆகிறது என்பதற்கு ‘ஹி டைட் த்ரீ இயர்ஸ் அகோ’.

ஃபார் லாங், ஃபார் எ லாங் டைம்

இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். ‘ஹி டிட்ன்ட் ஸ்பீக் ஃபார் எ லாங் டைம்’ என்றால் வெகு நேரம் வாயே திறக்கவில்லை. ‘ஹி டிட்ன்ட் ஸ்பீக் ஃபார் லாங்’ என்றால் பேசினார், சீக்கிரம் முடித்துவிட்டார். ‘எ’, ‘டைம்’ இரண்டும் விழுந்ததில் ஆள் ஊமையாவதும் பேச்சாளராவதும் மாறிவிடுகிறது. ‘ஃபார் லாங்’ பெரும்பாலும் எதிர்மறையிலும் கேள்வியிலும்தான் வரும்.

ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?

ஹீத்ரோவில் இமிக்ரேஷன் அதிகாரி இப்படிக் கேட்டால், வந்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று அவர் கேட்கவில்லை; மொத்தம் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்கிறார். ‘டூ அவர்ஸ்’ என்று சொல்லிவிட்டால் மூன்று வாரம் தங்க வந்து நிற்கிறவரை அவர் நிமிர்ந்து பார்ப்பார். வந்து எத்தனை நாள் என்று கேட்க ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?’ என்பார்கள். கேள்வியில் ‘ஹேவ்’ காதில் விழுந்தால் வந்த நாளிலிருந்து இன்றுவரை எண்ணுங்கள். ‘ஆர்’ விழுந்தால் ரிட்டர்ன் டிக்கெட் தேதிவரை எண்ணி, ‘த்ரீ வீக்ஸ்’ என்று சொல்லுங்கள்.