சாரலுக்குத் தள்ளி, வெயிலுக்கு இழுக்க: கனமான மிஷினுக்கும் மேஜைக்கும் சக்கரம் போடும் முறை

செங்கோட்டை, புளியரை பக்கம் மர வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், ஜூன் பிறந்துவிட்டால் ஆரியங்காவு கணவாய்க் காற்று சாரலை ஷெட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போடும். மேற்கு ஓரத்தில் நிற்கும் இழைப்பு மிஷினின் வார்ப்பிரும்பு மேடையில் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். அதைக் கிழக்குச் சுவர் பக்கம் தள்ளியாக வேண்டும். சீசன் முடிந்ததும் வெளிச்சத்துக்காகத் திரும்பவும் வாசல் பக்கம் இழுக்க வேண்டும். நடுவில் 10 அடிப் பலகை ஒன்று அறுக்க வந்தால் மேஜையைத் திருப்பிப் போட வேண்டும். சின்ன ஷெட்டில் இதற்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் நாலு பேரைக் கூப்பிட முடியாது. நல்ல சக்கரமும் கொஞ்சம் ஆங்கிளும் (எல் வடிவ இரும்புச் சட்டம்) ஒரு நாள் வேலையும் இருந்தால் போதும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சக்கரம் நகர்த்துவதற்கு மட்டும்தான். வேலை நடக்கும்போது மிஷினும் மேஜையும் தரையில் காலூன்றி நிற்க வேண்டும். நான்கு பிரேக் வீலைப் போட்டு அதன் மேலேயே வைத்து வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிரேக் சக்கரத்தைச் சுழலாமல் பிடிக்குமே தவிர, பெரும்பாலும் மேலே சக்கரம் திரும்புகிற மூட்டின் ஆட்டத்தைப் பிடிக்காது. இழைப்புளி தள்ளும்போது மேஜை அரை அங்குலம் ஆடினாலும் இழைப்பு கெட்டுவிடும். ரம்பத்துக்கு முன்னால் அந்த ஆட்டம் விரலுக்கே ஆபத்து. கீழே சொல்வது எல்லாமே இந்த எண்ணத்தில்தான் அமைந்திருக்கிறது.

1. தரையைப் பாருங்கள்

சக்கரம் வாங்கக் கடைக்குப் போகும் முன் தரையைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு, நாலைந்து இடங்களில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மிஷினும் அந்தப் பக்கம்தான் ஓடப் பார்க்கும். நம் ஊர் ஷெட்டுகளில் தண்ணீர் வடிய வாட்டம் வைத்துத்தான் தளம் போட்டிருப்பார்கள். வெடிப்பு, பெயர்ந்த சிமெண்ட் எல்லாவற்றையும் முதலில் பூசிவிடுங்கள். வாசலின் அகலத்தையும் படியின் உயரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பிரேம் செய்து முடித்த பிறகு அது வாசலில் நுழையவில்லை என்றால் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

மண் தரையில் சக்கரம் வேலைக்காகாது. அங்கே பழைய முறைதான்: 1 அங்குல ஜிஐ பைப் நாலைந்து துண்டு, ஒரு கடப்பாரை, கீழே இரண்டு பலகை. மர டிப்போக்களில் தடிகளை இன்றும் அப்படித்தான் உருட்டுகிறார்கள்.

2. எடை எவ்வளவு?

மிஷின் என்றால் அதன் பெயர்ப் பலகையிலோ கையேட்டிலோ எடை இருக்கும். இல்லாவிட்டால் விற்றவரிடம் கேளுங்கள். மேஜைக்கு நீங்களே கணக்குப் போடலாம். கன அடிக் கணக்கு நமக்குப் பழக்கமானதுதான். காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18, 19 கிலோ இருக்கும். புளி அதைவிட நன்றாகவே கனக்கும்.

ஒரு தேக்கு மேஜையை எடுத்துக்கொள்வோம். மேல் பலகை 6 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலக் கனம் என்றால் 3 கன அடி, சுமார் 55 கிலோ. 4 அங்குலச் சதுரக் கால்கள் நான்கு, இரண்டரை அடி உயரம், சுமார் 20 கிலோ. குறுக்குச் சட்டங்கள் இன்னொரு 18 கிலோ. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் 15 கிலோ. மொத்தம் 110 கிலோவை ஒட்டி வந்துவிடும். கீழ்த்தட்டில் நீங்கள் அடுக்கும் சாமான் தனி. அதை 30 கிலோ என்று வைத்தால் 140.

இதை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். தரை எங்கேயும் ஒரே மட்டமாக இருக்காது. எந்த நேரத்திலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க, மற்ற மூன்றும்தான் பாரத்தைச் சுமக்கும். 240 கிலோ மிஷின் என்றால் ஒரு சக்கரத்துக்கு 80 கிலோ. கடையில் 'ஒரு வீல் எவ்வளவு தாங்கும்' என்று கேட்டு, கணக்கில் வந்ததைவிட ஒரு படி மேலே வாங்குங்கள்.

3. எந்தச் சக்கரம்?

கடையில் காஸ்டர் வீல் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அதில் திரும்பும் வீல், திரும்பாத வீல் என்று இரண்டு வகை. மிஷினுக்கு ஒரு பக்கம் இரண்டு திரும்பாததும், மறுபக்கம் இரண்டு திரும்புவதும் போடுங்கள். நான்கும் திரும்புவதாக இருந்தால் வாட்டமான தரையில் மிஷின் பக்கவாட்டில் நழுவும், ஒரு ஆளால் பிடித்து நிறுத்த முடியாது.

விட்டம் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 2 அங்குலச் சக்கரம் விலை குறைவுதான். ஆனால் ஒரு மரச்சிராய் குறுக்கே கிடந்தாலே நின்றுவிடும். தள்ளுகிற வேகத்தில் மிஷின் அப்படியே முன்னால் சாயும்.

நைலான் கெட்டியானது, லேசாக உருளும், சத்தம் போடும். ரப்பர் மெத்தென்று போகும், ஆனால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாரத்தோடு நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், எண்ணெய் பட்டாலும் கெடும். பியு (பாலியூரிதேன்) வீல் இரண்டுக்கும் நடுவே இருப்பது, நானே பரிந்துரைப்பது. ஆனால் மட்டமான பியு ஈரக் காற்றில் சில வருடங்களில் பொடிந்து உதிர ஆரம்பிக்கும். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இதில் காசு பார்க்க வேண்டாம். இரும்பு வேலை நடக்கும் பட்டறையில் கடைசல் சுருள்கள் மெத்தென்ற சக்கரத்தில் குத்தி ஏறிவிடும். அங்கே வார்ப்பிரும்பு வீல் நல்லது.

மேலே தகடு வைத்து நான்கு ஓட்டை போட்ட வீலாகப் பார்த்து வாங்குங்கள். தண்டு வைத்தது நாற்காலிக்குத்தான் சரி.

4. மிஷினுக்கு அடிப் பிரேம்

சக்கரத்தை மிஷினுக்கு நேர் கீழே போட்டால் மேடை 5 அங்குலம் உயர்ந்துவிடும், வேலை செய்யும் உயரமும் கெடும், மிஷினும் தள்ளாடும். அதனால் சக்கரங்களை வெளிப்பக்கம் வைத்து, மிஷினை அவற்றுக்கு நடுவே தாழ உட்கார வைக்கிறோம்.

மிஷினின் அடிப்பாகத்தை நீளம், அகலம் அளந்து, இரண்டிலும் 6 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள ஆங்கிளில் ஒரு சட்டம். ஆங்கிளின் ஒரு முகம் உள்பக்கம் படுத்து மிஷினைத் தாங்க வேண்டும், மற்ற முகம் வேலி மாதிரி நின்று அதை நழுவாமல் பிடிக்க வேண்டும். முதலில் மூலைகளில் பொட்டு வெல்டிங் மட்டும் வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரண்டும் ஒன்றாக இருந்தால் முழு வெல்டிங் செய்யலாம். வெல்டிங் தெரியாதவர்கள் ஒரு தாளில் அளவோடு வரைந்து பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எப்படியானாலும் மிஷினைப் பிரேமில் ஏற்றி வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யக் கூடாது. மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் பேரிங் போய்விடும்.

அடுத்து சக்கரத்துக்கான காது. வீலின் மொத்த உயரத்தை, தரையிலிருந்து மேல் தகடு வரை, கையில் இருப்பதை வைத்தே அளங்கள். பிரேம் தரையிலிருந்து 15 மி.மீ. மேலே நிற்கிற மாதிரி, ஒவ்வொரு மூலையிலும் வெளியே ஒரு ஆங்கிள் துண்டை நிமிர்த்தி நிறுத்தி, அதன் தலையில் 6 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வீலை அதன் அடியில் போல்ட், ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்குங்கள். திரும்பும் வீல் முழு வட்டம் சுற்ற இடம் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

இனி கால். சக்கரங்களுக்குப் பக்கத்தில் பிரேமோடு சேர்த்து நான்கு 16 மி.மீ. நட்டுகளை வெல்டிங் செய்து, அவற்றில் மேலிருந்து நீளமான போல்ட்டுகளை இறக்குங்கள். ஒவ்வொன்றின் நுனிக்குக் கீழேயும் ஒரு கனத்த இரும்புத் தகடு வைக்க வேண்டும். மிஷின் இடத்துக்கு வந்ததும் 24 நம்பர் ஸ்பானரால் போல்ட்டைத் திருகினால் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. இறங்கும். தகட்டைத் தொட்ட பிறகு இன்னும் இரண்டு சுற்று, அவ்வளவுதான், சக்கரங்கள் தரையை விட்டு மேலே வந்துவிடும். மேடையில் ரசமட்டம் வைத்து நான்கையும் கூட்டிக் குறைத்து மட்டம் பார்த்துக்கொள்ளலாம். சக்கரமே போடாத பல மிஷின்களில்கூட இந்த வசதி கிடைக்காது.

துருவைத் தடுக்க ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே ஒரு பெயிண்ட். இங்கே அதைத் தவிர்க்க முடியாது.

மிஷினைப் பிரேமில் ஏற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கடப்பாரையால் ஒரு பக்கம் ஒரு அங்குலம் நெம்பி, கட்டை வைத்து, மறுபக்கம் ஒரு அங்குலம், அங்கேயும் கட்டை. மேடையையோ மோட்டாரையோ பிடித்துத் தூக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கையை அடியில் விடாதீர்கள், எதையாவது தள்ள வேண்டுமென்றால் குச்சியால் தள்ளுங்கள்.

நிற்கிற டிரில்லிங் மிஷினுக்கு மட்டும் தனி கவனம் வேண்டும். மோட்டாரும் தலையும் உச்சியில் இருப்பதால் சாய்வதற்குக் காத்திருக்கும். மிஷின் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் பிரேமை அகலமாகச் செய்து, மிஷினைப் போல்ட் போட்டு அதில் இறுக்குவதுதான் என் வழக்கம். நகர்த்தும் முன் அதன் மேடையை அடிவரை இறக்குங்கள். தள்ளுவது இடுப்புக்குக் கீழேதான்.

நீளமான கடைசல் மிஷினுக்குச் சக்கரம் போட வேண்டாம். அதன் படுகை கொஞ்சம் முறுகினாலும் கடைசல் கோணலாகும்.

5. மேஜைக்குத் தள்ளுவண்டி முறை

மேஜைக்கு இரண்டே திரும்பாத வீல் போதும். ஒரு முனையில் உள்ள இரண்டு கால்களின் வெளிமுகத்தில் வாகை அல்லது கருவேலக் கட்டை ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கி, அதன் அடியில் வீலைப் பொருத்துங்கள். புனலூர் பக்கமிருந்து வரும் ரப்பர் மரம் விலை குறைவு என்று பதப்படுத்தாததை இதற்குப் போட வேண்டாம், பூச்சி அரித்துவிடும். சக்கரத்தின் அச்சு காலின் வெளிமுகத்திலிருந்து 3 அங்குலம் தள்ளியும், சக்கரம் தரையிலிருந்து 2 மி.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும். 2 மி.மீ. தகட்டை அடியில் வைத்துக்கொண்டு ஓட்டைகளைக் குறித்தால் அளவு தானாக வந்துவிடும். சக்கரம் மேஜையின் நீளவாக்கில் உருள வேண்டும்.

மறுமுனையில் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைப்பிடிகள். வேலை நேரத்தில் இடிக்காமல் இருக்க உருவி எடுக்கிற மாதிரி செய்யுங்கள். அந்த முனையைத் தூக்கினால் இரண்டு மூன்று அங்குலத்தில் சக்கரம் தரையைத் தொடும், மேலும் இரண்டு மூன்று அங்குலம் தூக்கினால் கால்கள் விடுபட்டு மேஜை உருளும். இறக்கி வைத்தால் நான்கு கால்களும் தரையில், சக்கரம் அந்தரத்தில். திருகவோ பூட்டவோ எதுவும் இல்லை.

மேலே கணக்குப் போட்ட 110 கிலோ மேஜையில் கைப்பிடியில் சுமார் 45 கிலோ வரும். இரண்டு பேர் பிடித்தால் சுலபம். ஒரே ஆள் இருக்கும் பட்டறையில் கைப்பிடியை இன்னும் நீளமாக வையுங்கள், தூக்கும் முன் வைஸைக் கழற்றி, கீழ்த்தட்டையும் காலி செய்யுங்கள்.

6. நகர்த்தும் நாளில்

முட்டுக்கட்டை இரண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்த் தேரையே ஒரு கட்டையைச் சக்கரத்தடியில் செருகித்தான் நிறுத்துகிறார்கள். வாட்டமான தரையில் மிஷினைப் பாதி வழியில் விட்டுவிட்டு வாசல் திறக்கப் போகும்போது பிரேக்கைவிட அதை நம்பலாம்.

மிஷின் இடம் மாறுவதால் ஒயரும் மாற வேண்டும். சிங்கிள் பேஸ் மிஷினுக்கு எர்த்தோடு சேர்த்து மூன்று கோர், த்ரீ பேஸுக்கு எர்த்தோடு சேர்த்து குறைந்தது நான்கு கோர் உள்ள வளையும் காப்பர் கேபிள் போட்டு, மேலே கொக்கியில் தொங்கவிடுங்கள். தரையில் கிடந்தால் சக்கரம் ஏறிவிடும். த்ரீ பேஸ் மிஷினை வேறு சாக்கெட்டில் செருகினால், பிளேடுக்குப் பக்கத்தில் போகாமல் ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, சுற்றும் திசையைப் பாருங்கள். அந்த சாக்கெட்டில் பேஸ் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு பேஸை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

முதல் மாதம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்குங்கள். சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும் மரத்தூளையும் நூலையும் அவ்வப்போது எடுத்துவிட்டு, சாரல் தொடங்கும் முன் மே மாதக் கடைசியில் அச்சுக்கும் போல்ட் மரைக்கும் கிரீஸ் வையுங்கள்.