கிராமத்து டி.டி. டாயிலில் என்னதான் பேசுகிறார்? பதிவைத் திறந்து நீங்களே படிக்க ஒரு வழி

அயர்லாந்தில் டப்ளினுக்கு வெளியே கொஞ்ச நாள் குடியிருந்தால் உள்ளூர் அரசியல்வாதியைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "நமக்காக அங்கே போய்ச் சண்டை போடுகிற ஒரே ஆள்" என்பது ஒன்று. "ரோட்டுக் குழியைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும்" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் போனில் வந்த முப்பது நொடி வீடியோவைத் தாண்டி எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 1919 ஜனவரி 21 அன்று டப்ளின் மேன்ஷன் ஹவுஸில் கூடிய முதல் அவையிலிருந்து இன்றுவரை அயர்லாந்து நாடாளுமன்றத்தில் பேசியது பூராவும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாததுதான் பிரச்சினை.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவீர்கள். நாடாளுமன்றம் ஈரக்தஸ். அதன் கீழவை டாயில், மேலவை ஷனட். டாயில் உறுப்பினர்தான் டி.டி.; 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு மொத்தம் 174 பேர், 43 தொகுதிகள். பிரதமர் டீஷக், துணைப் பிரதமர் டானிஷ்டா, அவைத்தலைவர் கியான் கோர்லா. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இருக்காது, அதைப் பற்றிக் கவலைப்படாமல் தாண்டிப் போங்கள்.

ஒரு தொகுதிக்கு ஒரு ஆள் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று முதல் ஐந்து பேர் ஜெயிப்பார்கள். வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை போட்டு வாக்களிப்பார். கெர்ரி ஐந்து இடத் தொகுதி, அதில் 2024இல் மைக்கேல் ஹீலி-ரே, டேனி ஹீலி-ரே என்று அண்ணன் தம்பி இரண்டு சுயேச்சைகளும் ஜெயித்தார்கள். இந்த முறையில் ஒருவருக்குப் போட்டி எதிர்க்கட்சிக்காரர் மட்டுமில்லை, பக்கத்து ஊரில் இருக்கும் சொந்தக் கட்சிக்காரரும்தான். அதனால் பெரிய கட்சி ஆட்களும் குழியைப் பற்றிக் கேட்பார்கள். இதற்கு இங்கே 'ஊர்க்குழாய் அரசியல்' என்ற அர்த்தத்தில் ஒரு கிண்டல் பெயர் உண்டு. பெயரைப் பார்த்து இது கிராமத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள், 1982இல் டப்ளின் நகரத்து டோனி கிரகரி தன் ஒரு ஓட்டை வைத்துத் தன் பகுதிக்கு வீடும் வேலையும் கேட்டு, டீஷக் ஆக ஆதரவு தேடிய சார்லஸ் ஹாஹியிடம் ஒப்பந்தம் போட்டவர். 1997இல் அந்த அண்ணன் தம்பியின் அப்பா ஜாக்கி ஹீலி-ரே தெற்கு கெர்ரிக்காகச் செய்ததும் அதே வேலைதான், கேட்டது ரோடு என்பதால் சிரித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஈரக்தஸ் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியலுக்குப் போய் உங்கள் டி.டி.யின் பெயரைத் தட்டினால் அவர் பேச்சு, கேள்வி, வாக்கு எல்லாம் தனித்தனியாக வரும். எல்லாரும் நேராகப் பேச்சுக்குத்தான் போவார்கள். நீங்கள் கேள்விகளில் தொடங்குங்கள். பேச்சு கேமராவுக்கு, எழுத்துக் கேள்விதான் நிஜமான வேலை. ஒரு டி.டி. ஆறு மாதத்தில் கேட்ட எழுத்துக் கேள்விகளை வரிசையாகப் படித்தால் அவர் அலுவலகத்துக்கு யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதே தெரிந்துவிடும்: ஓய்வூதியம் நின்றுபோனவர், பள்ளிப் பேருந்தில் இடம் கிடைக்காத பிள்ளையின் அம்மா, பண்ணை மானியம் இன்னும் வராத விவசாயி.

கேள்வியின் வடிவம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு நானே ஒன்றை அந்தப் பாணியில் எழுதுகிறேன்: "கெர்ரி மாவட்டத்தில் ஒரு நபரின் (விவரம் தரப்பட்டது) ஓய்வூதிய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று சமூகப் பாதுகாப்பு அமைச்சரைக் கேட்க, இதுகுறித்து அவர் அறிக்கை தருவாரா." கடைசியில் சதுர அடைப்புக்குள் ஒரு எண்ணும் ஆண்டும் நிற்கும். அந்த 'விவரம் தரப்பட்டது' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெயரும் முகவரியும் அமைச்சகத்துக்கு மட்டும் போகும், பதிவில் வராது. ஒருவர் கேள்விகளில் அது அடிக்கடி வந்தால் தனிப்பட்டவர்களின் வேலையை நிறையப் பார்க்கிறார் என்று அர்த்தம். அது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். என்னைக் கேட்டால், ஒரு விண்ணப்பம் நகர ஒரு டி.டி. டாயிலில் கேள்வி போட வேண்டியிருக்கிறது என்றால் குறை டி.டி.யிடம் இல்லை.

அப்புறம் பதிலைப் படியுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் பாதிப் பதில்கள் "இது என் வேலை இல்லை" என்பதை மரியாதையாகச் சொல்பவை. ரோட்டைப் பற்றிக் கேட்டால் வரும் பதில் எனக்கு மனப்பாடம்: வட்டாரச் சாலைகளையும் உள்ளூர்ச் சாலைகளையும் பராமரிப்பது 1993ஆம் ஆண்டுச் சாலைகள் சட்டம் 13ஆம் பிரிவின்படி அந்தந்த உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. தேசிய நெடுஞ்சாலை என்றால் டிரான்ஸ்போர்ட் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் அயர்லாந்தைக் கைகாட்டுவார்கள். பேருந்து என்றால் தேசியப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பிவிட்டோம், பத்து வேலை நாளில் பதில் வராவிட்டால் சொல்லுங்கள் என்பார்கள். மருத்துவமனை என்றால் இது சேவை சார்ந்த விஷயம், சுகாதாரச் சேவை நிர்வாகமான எச்.எஸ்.இ. நேரடியாகப் பதில் தரும். அந்த நேரடிப் பதில் டி.டி.க்குக் கடிதமாகப் போகும், அவை நடவடிக்கைப் பக்கத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் பதிவை மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு வந்த ஒரே பயன், எந்தக் கதவை யார் திறப்பார் என்ற அறிவு. வீட்டுக்கு வரும் வழி உள்ளாட்சி மன்றம் ஏற்றுக்கொள்ளாத தனிவழி என்றால் அதற்கென்றே உள்ளூர் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, வழியில் குடியிருப்பவர்களும் ஒரு பங்கு போட வேண்டும் என்பதையெல்லாம் எந்த அலுவலகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு டி.டி. கேட்ட கேள்விக்கு அமைச்சர் எழுதிய பதிலில்தான் படித்தேன்.

இப்போது பேச்சுக்கு வரலாம். அவை வழக்கமாகச் செவ்வாய், புதன், வியாழன். தலைவர்கள் கேள்வி நேரம்தான் செய்தியில் வருவது. செவ்வாயும் புதனும் டீஷக், வியாழன் டானிஷ்டா பதில் சொல்வார்கள். சுயேச்சைகளுக்கு அந்த நேரம் குழுவாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும், குறைந்தது ஐந்து பேர் வேண்டும், அதிலும் முறை வைத்துப் பேசுவார்கள். இந்தப் பேசும் நேரம் அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் அரசை ஆதரிக்கும் சுயேச்சைகள் எதிர்த்தரப்பு நேரத்தில் பேசலாமா என்ற சண்டையில்தான் 2025 ஜனவரி 22 அன்று டீஷக்கைத் தேர்ந்தெடுக்காமலேயே அவை ஒத்திவைக்கப்பட்டது. மீஹால் மார்ட்டின் மறுநாள்தான் தேர்வானார். ஊர்ப் பிரச்சினைக்கு நல்ல இடம் வேறொன்று: அன்றாட முக்கியப் பிரச்சினை விவாதம். டி.டி. நான்கு நிமிடம், அமைச்சர் நான்கு, மறுபடி ஆளுக்கு இரண்டு. அமைச்சரின் முதல் நான்கு நிமிடம் எழுதிவந்த தாள். கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் படித்தாலும் போதும், வாக்குறுதி ஏதாவது நழுவி விழுந்தால் அங்கேதான் விழும்.

கிராமத்து டி.டி.யின் பேச்சைப் படிக்க ஒரு சின்ன உத்தி சொல்கிறேன். அவர் எப்போதும் ஒரு ஆளில் தொடங்குவார், ஒரு சட்டத்தில் முடிப்பார். ஊர்க்கதையை மட்டும் படித்துச் சிரித்துவிட்டுப் போனால் அந்தச் சட்டம் கண்ணில் படாது. லிமரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு மூதாட்டி டிராலியில் இரவு முழுக்கக் கிடந்தார் என்று கிளேர், டிப்பரரி உறுப்பினர்கள் பேசினால், அதன் வேர் 2009இல் அவர்கள் பகுதியின் என்னிஸ், நீனா மருத்துவமனைகளில் 24 மணி நேர அவசரப் பிரிவை மூடியதில் இருக்கிறது. பால் மாடு வைத்திருப்பவரின் புலம்பலாகத் தொடங்குவது ஐரோப்பிய நைட்ரேட் விதியில் போய் நிற்கும்: கால்நடைச் சாணத்திலிருந்து நிலத்தில் சேரும் நைட்ரஜனுக்கு ஹெக்டேருக்கு 170 கிலோ பொது வரம்பு, அயர்லாந்துக்குச் சலுகையாக 250, அதுவும் 2024 ஜனவரி முதல் நாட்டின் பல பகுதிகளில் 220. எயோவின் புயல் 2025 ஜனவரி 24 அன்று அடித்து 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. மேற்குப் பகுதிகளில் சில வீடுகள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. அப்போது ஒருவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி ஜெனரேட்டர் கேட்டது, கம்பி ஓரத்து மரங்களை வெட்டுவது யார் பொறுப்பு என்ற தேசியக் கேள்வியும்தான்.

எல்லாப் பேச்சும் இப்படிப் புனிதமானது என்று சொல்ல வரவில்லை. 2018 சாலைப் போக்குவரத்துத் திருத்தச் சட்டத்தின் விவாதத்தைத் தேடிப் படியுங்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 முதல் 80 மில்லிகிராம் வரை மது இருந்து முதல்முறை பிடிபட்டாலும் மூன்று மாதம் ஓட்டத் தடை என்றது அந்தச் சட்டம். கிராமப்புறச் சுயேச்சைகள் சிலர் அதை மணிக்கணக்கில் பேசி இழுத்தடித்தார்கள். பேருந்து இல்லாத ஊரில் தனியாக வாழும் கிழவர் பப்புக்கு எப்படிப் போவார் என்ற அவர்கள் கேள்வி உண்மையானது; அதற்குப் பதில் குடித்துவிட்டு ஓட்டுவது இல்லை என்பது என் கருத்து. படித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

பேச்சோடு நிறுத்தாமல் வாக்கையும் பாருங்கள். 'தா' என்றால் ஆம், 'நீல்' என்றால் இல்லை, 'ஸ்தீன்' என்றால் யார் பக்கமும் இல்லை. காலையில் அரசைக் கிழித்துவிட்டு மாலையில் அதே அரசோடு 'தா' போட்டவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் அன்று வராதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது, அதை எதிர்ப்பு என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். ஒன்று, அமைச்சர் பதவி. மைக்கேல் ஹீலி-ரே 2025 ஜனவரியில் வேளாண் துறையில் வனத்துக்கான இணையமைச்சர் ஆனார். அந்தப் பதவியில் இருந்த காலத்தில் அவர் பெயரில் கேள்விகள் இல்லையே, சோம்பேறியாகிவிட்டாரா என்று கேட்காதீர்கள். பதவியில் இருப்பவர் கேள்வி கேட்பதில்லை, பதில் சொல்லும் பக்கத்துக்குப் போய்விடுவார். இன்னொன்று, மொழி. ஐரிஷில் பேசியது ஐரிஷில்தான் பதிவாகும், மொழிபெயர்ப்பு கிடையாது. கெர்ரியில் இருக்கும் டிங்கிள் ஊரைப் பற்றித் தேடுகிறவர் 'அன் டாங்கியன்' என்ற ஐரிஷ் பெயரையும் அந்த மொழியின் எழுத்துக்கூட்டில் போட்டுத் தேட வேண்டும்.

கடைசியாக, படிப்பதோடு நிற்க வேண்டியதில்லை. டாயில் தேர்தலில் ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்களுக்குத்தான் ஓட்டு, உள்ளாட்சித் தேர்தலில் இங்கே குடியிருக்கும் யாருக்கும் உண்டு. ஆனால் ஒரு டி.டி.யிடம் "இந்தக் கேள்வியைப் போடுங்கள்" என்று கேட்க எந்தப் பாஸ்போர்ட்டும் தேவையில்லை. மின்னஞ்சலில் கதை எழுதாதீர்கள். எந்த அமைச்சர், என்ன கேட்க வேண்டும், விண்ணப்ப எண், அனுப்பிய தேதி, இவ்வளவுதான், நான்கு வரி. அதற்கு முன் அதே விஷயத்தை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை தேடிவிடுங்கள், கிடைத்தால் அந்தப் பதிலின் எண்ணையும் சேர்த்து, "அப்போது இப்படிச் சொன்னார்களே, இப்போது என்ன நிலை" என்று கேட்கச் சொல்லுங்கள்.