தீவு விலங்கைப் படிப்பது எப்படி: இல்லாததிலிருந்து தொடங்குங்கள்

கடல் இகுவானா என்ற பெரிய பல்லி ஒன்று மூக்கிலிருந்து உப்பைப் பீய்ச்சி அடிப்பதை டிவியில் பார்த்தால் 'இயற்கையின் அதிசயம்' என்று சொல்லிவிட்டுச் சேனலை மாற்றிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அதைச் சொன்னதுமே கேள்வி நின்றுவிடுகிறது. கொஞ்சம் பழகிவிட்டால், தொலைதூர எரிமலைத் தீவில் வாழும் எந்த விலங்கைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று நீங்களே ஓரளவு ஊகித்துவிடலாம். நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் விலங்கை ஒதுக்கிவையுங்கள். ஒரு தாளில், அந்தத் தீவில் என்னவெல்லாம் இல்லை என்று எழுதுங்கள். நடுக்கடலில் எரிமலை கக்கிக் கக்கி உயர்ந்த தீவு எந்தக் காலத்திலும் ஒரு கண்டத்தோடு ஒட்டியிருந்ததில்லை. அதனால் அங்கே உள்ள ஒவ்வொரு உயிரின் மூதாதையும் பறந்தோ, நீந்தியோ, மிதந்தோ, காற்றில் அடித்து வரப்பட்டோதான் வந்திருக்க வேண்டும். 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்துத் தீவே கருகிப்போன பிறகு, அடுத்த ஆண்டு மே மாதம் அங்கே போய்த் தேடியவர்கள் கண்டது வலை பின்னிக்கொண்டிருந்த ஒரே ஒரு குட்டிச் சிலந்தியைத்தான். நூலை நீட்டிவிட்டுக் காற்றில் ஏறிப் பயணம் செய்வது சிலந்திக்குக் கைவந்த கலை. யானைக்கு அது முடியாது, தவளைக்கும் முடியாது. பசிபிக் கடலின் கலாபகஸ் எரிமலைத் தீவுகளில் இயல்பாக வாழ்ந்த தவளை இனம் ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் அந்த ஈரத்தோல் உப்புநீரைத் தாங்காது. ஊர்வன மட்டும் ஏராளம். செதில் தோல், பசியைப் பல நாள் தாங்கும் உடம்பு, இவை இரண்டும் இருந்தால் ஒரு மரக்கட்டையே போதும். (நம்பாதவர்களுக்கு: 1995இல் சூறாவளிகள் அடித்து ஓய்ந்த பிறகு, கரீபியக் கடலின் அங்குயிலா தீவில், வேரோடு சாய்ந்த மரங்களின் குவியல் ஒன்றில் பதினைந்து பச்சை இகுவானாக்களாவது வந்து ஒதுங்கின. அது எரிமலைத் தீவு இல்லைதான், ஆனால் பயண முறை ஒன்றே.)

சரி, பட்டியல் தயார். அடுத்து, அந்த விலங்கு எதைக் கைவிட்டிருக்கிறது என்று பாருங்கள். கலாபகஸின் பெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் கரையில் ஒரு நீர்க்காகம் இருக்கிறது. பறக்கத் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் சிறகு. துரத்த ஆள் இல்லை, இரையோ கரையோரத்திலேயே கிடைக்கிறது, அப்புறம் எதற்குப் பறப்பதற்கான பெரிய தசையைச் சுமந்து தீனி போட வேண்டும்? ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. சிறகு சுருங்கினாலே 'எதிரி இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள கெர்கெலென் தீவிலும் பறக்காத ஈக்களும் அந்துப்பூச்சிகளும் உண்டு. அங்கே ஓயாத காற்று, கடும் குளிர். அந்தக் காற்றில் சிறு பூச்சி பறக்க முயன்றால் கடலுக்குள் போய் விழும், விழாவிட்டாலும் பறப்பதற்கே எல்லாச் சக்தியும் தீர்ந்துவிடும். விளைவு ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு.

மூன்றாவது, சாப்பாடு. பாதி விடை இங்கேதான் கிடைக்கும் என்பது என் அனுபவம். கடல் இகுவானாவையே எடுத்துக்கொள்வோம். கரையோர எரிமலைப் பாறையில் பச்சை இலை அரிது, கடலுக்குள் பாசி தாராளம். பாறையை ஒட்டிக் கறும்புவதற்கு மழுங்கிய மூக்கு, அலை இழுக்காமல் பற்றிக்கொள்ளக் கூரிய நகம், நீந்தத் தட்டையான வால், பாசியோடு உள்ளே போகும் உப்பை வெளியேற்றச் சுரப்பி. பூமத்திய ரேகையில் இருந்தாலும் கலாபகஸில் கடல்நீர் குளிர்ச்சியானது, ஆழத்துத் தண்ணீர் மேலே வருவதால். அதனால், சட்டென்று சூட்டை இழக்காத பெரிய உடம்பு உள்ளவைதான் ஆழத்துக்கு முங்குகின்றன. சின்னவை அலை இறங்கும் நேரத்துக்குக் காத்திருந்து கரையிலேயே மேய்கின்றன. மேய்ந்து முடித்ததும் கரும்பாறைமேல் கரிய உடம்பை விரித்துக் காய்கின்றன.

எல் நினோ என்ற பருவநிலைப் பிறழ்வு வந்து கடல் சூடாகிப் பாசி அழியும்போது இன்னும் விசித்திரம். இவை மெலிவதோடு நிற்பதில்லை, நீளத்திலேயே சுருங்குகின்றன, ஐந்தில் ஒரு பங்கு வரைகூட. பாசி திரும்பியதும் மறுபடி வளர்கின்றன.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், நானும் பல நாள் சறுக்கியிருக்கிறேன். 'தேவைப்பட்டது, அதனால் மாறிக்கொண்டது' என்று எழுதிவிடுவோம். எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாற்றம் ஒரே உடம்புக்குள் நடந்ததா, தலைமுறைகள் தாண்டி நடந்ததா? இகுவானா சுருங்குவது முதல் வகை. இரண்டாவது வகைக்கு கலாபகஸின் டாப்னி மேஜர் என்ற குட்டித் தீவைப் பாருங்கள். உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளின் அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, நெருஞ்சி இனத்துச் செடியின் கெட்டி விதைகள் மிஞ்சின. தடித்த அலகு இருந்த குருவிகள் அதை உடைத்துத் தின்றன, மற்றவற்றில் பெரும்பாலானவை செத்தன. எந்தக் குருவியின் அலகும் பசியால் பெரிதாகவில்லை. பெரிய அலகோடு பிறந்தவை தப்பின, அவற்றின் குஞ்சுகளுக்கும் பெரிய அலகு வந்தது, அவ்வளவுதான்.

நான்காவது, எரிமலையையே விலங்கு பயன்படுத்துகிறதா என்று தேடுங்கள். பெர்னாண்டினாவின் பெண் நில இகுவானாக்கள் சிகரம் வரை ஏறி, எரிமலை வாய்க்குள் இறங்கி, அங்குள்ள மண்ணில் முட்டையிடுகின்றன. ஹவாயின் மௌனா கியா எரிமலைச் சிகரத்தில் வெகியு என்ற சிறு பூச்சி இருக்கிறது. அதன் உறவுக்காரப் பூச்சிகள் விதையை உறிஞ்சுபவை. செடியே அரிதான அந்த உச்சியில் இது, காற்று மேலே தூக்கிவந்து போட்டுக் குளிரில் விறைத்துப்போகும் பூச்சிகளின் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது.

கடைசியாக, முதலில் எழுதிய பட்டியலுக்குத் திரும்பிப் போய், அதில் உள்ள ஒன்று திடீரென்று தீவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தெற்கு அட்லாண்டிக்கின் காஃப் எரிமலைத் தீவுக்கு வீட்டுச் சுண்டெலிகள் கப்பலில் வந்து சேர்ந்தன. தம்மைவிடப் பல நூறு மடங்கு எடையுள்ள, அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை அவை இரவில் கடித்துத் தின்கின்றன. கடி விழும்போதும் குஞ்சு கூட்டை விட்டு எழுவதில்லை, அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கப்பல் வரும்வரை எலி என்ற ஒன்றே அதன் முன்னோர்களுக்குத் தெரியாது.