சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்கள் மாதவிடாய்க் கணக்கை எழுதிவைக்கும் முறை

ஸ்கேன் அறிக்கையில் ‘பிசிஓடி’, அதாவது சினைப்பை நீர்க்கட்டி, என்று இருப்பதைப் பார்த்ததுமே இனிக் குழந்தை பிறக்காது என்று கலங்கிப்போகும் பெண்கள் வேலூர் வட்டாரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கலக்கம் தேவையற்றது. ஸ்கேனில் தெரிபவை பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. இன்சுலின் சரிவர வேலை செய்யாததாலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோன் மிகுவதாலும் முட்டை வெளிவருவது தாமதமாகிறது, சில மாதங்களில் நின்றும் போகிறது. நாள் தள்ளிப்போவதற்கும் கரு தங்கத் தாமதமாவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே முதல் வேலை, வீட்டு மாதக் காலண்டரில் உதிரப்போக்கு தொடங்கிய நாளைத் தவறாமல் வட்டமிடுவது. மார்ச் 3 அன்று தொடங்கி அடுத்தது ஏப்ரல் 17 அன்று வந்தால், அந்தச் சுழற்சி 45 நாள். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பு. ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன பெண்பிள்ளைகளுக்கு நாள் முன்பின்னாக வருவது சகஜம் என்பதால், அவர்களுக்கு ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

இந்தக் கணக்கு பரிசோதனைக்கும் உதவும். முட்டை வெளியானதா என்று அறியும் புரோஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனையைப் பொதுவாக 21ஆம் நாளில் எடுக்கிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்கே பொருந்தும். முட்டை பெரும்பாலும் அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு வெளிவருவதால், 45 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 31ஆம் நாளை ஒட்டியே நிகழும். 38ஆம் நாள் வாக்கில் எடுத்தால்தான் முடிவு சரியாக இருக்கும். கடையில் விற்கும் முட்டை நாள் பார்க்கும் பட்டைகள் இவர்களுக்குத் தவறாகவும் காட்டலாம்.

கர்ப்பம் இல்லாமலேயே மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போய், நாளடைவில் புற்றுநோய்க்கும் இடமளிக்கலாம் என்பதால் மருத்துவர் மாத்திரை கொடுத்து உதிரப்போக்கை வரவழைப்பார்.

ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி இழப்பு. வீண் அலைச்சலைத் தவிர்க்க, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கோ போகும்போது காலண்டர் தாள்களையும் பழைய அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), சர்க்கரைப் பரிசோதனைகளையும் கணவரின் விந்துப் பரிசோதனையையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுங்கள். மனைவியை மட்டுமே மாதக்கணக்கில் அலையவிடுவது அநியாயம். நாள் ஒழுங்கில்லாதவர்கள் கரு தங்குகிறதா என்று ஓராண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

எடை கூடுதலாக இருப்பவர்களில் பலருக்கு 5 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. ஒல்லியானவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. அதன் பிறகும் முட்டை வெளிவராவிட்டால், அதை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையே பொதுவாக முதல் சிகிச்சை. அந்த மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும். ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குங்கள். கரு தங்கியதும் முதல் பரிசோதனையிலேயே பிசிஓடி இருந்ததைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம்.